கூரைக்கு அடியில் ஐந்து பொட்டுகள்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை லைன் தானாகக் கட்டாகவில்லை. நான்தான் போனை வைத்தேன். அதன் பிறகு நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டதும் தெரியும். மேஜைமேல் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எடுத்திருந்தால் கத்தியிருப்பேன். நான் கத்தினால் நீயும் உன் அம்மாவைப் போல வாயை மூடிக்கொள்வாய். எழுத்தில் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் இதைப் படிக்கட்டும். எந்த மாதிரி வீட்டுக்கு மருமகளாகிறோம் என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்காகத்தான் உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் கல்யாணத்துக்கு, என்னோடு வேலை செய்த எபநேசரை அழைத்திருப்பதாகச் சொன்னாய். அவன் மண்டபத்தில் கால் வைத்தால் நான் வைக்க மாட்டேன் என்றேன். அதற்கு நீ, "நைனா, காருக்குப் பொட்டு வெச்சது எபி மாமா இல்ல. அம்மாதான் வெச்சாங்க. ஆஸ்பத்திரில என்கிட்ட சொன்னாங்க" என்றாய். பன்னிரண்டு வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்த ஒன்றை ஒரு மூச்சில் பிடுங்கிக்கொண்டாய். கீழே வைத்த நிம்மதி வரும் என்று நினைத்திருப்பாய். வரவில்லை. நீ, அவள், எபநேசர் என்று மூன்று பேர் ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி நடமாடியிருக்கிறீர்கள். அந்த வட்டத்துக்குள் நான் மட்டும் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இதுதான் முதலில் உறைத்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பின்னால், நாங்கள் அந்தக் காரைச் செய்த ஷெட் இருந்தது. காலையில் துடைத்த ஜன்னலில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கரி. அதற்குள்ளே பிளாஸ்டிக் திரை கட்டி, ஏசி போட்டு, ஒரு சுத்தமான அறையை உண்டாக்கினோம். அதற்கு முன்பு, என்னோடு எம்.டெக் படித்தவர்கள் வெளிநாட்டில் விமான இறக்கை செய்துகொண்டிருந்தார்கள். நான் கண்ணாடி இழையில் தண்ணீர்த் தொட்டியும் பஸ் சீட்டும் வார்த்துக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் அவர்கள் ஊருக்கு வரும்போது, "இன்னும் அங்கியேதான் இருக்கியா?" என்று கேட்பார்கள். கேட்டவர்கள் பெயர்கள் எல்லாம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் கட்டடத் தொழிலில் பணம் பார்த்த குடும்பத்துப் பையன் ஒருவன், இந்த ஊரிலேயே ஒரு சூப்பர் கார் செய்ய வேண்டும் என்று கிளம்பினான். முழு உடம்பும் கார்பன் இழை. எடையில் சாதாரணக் காரின் பாதிகூட இருக்கக் கூடாது. அதற்குத் தலைமை நான். தொட்டி செய்த கைக்கு இப்படி ஒன்று வாய்த்தால் மனிதன் என்ன ஆவான் என்று உன் வயதில் உனக்குப் புரியாது. புரிய வேண்டிய நிலைமை உனக்கு வராமலே இருக்கட்டும்.

கார்பன் துணி சுருள் சுருளாக வரும். ரெசின் என்கிற பிசின் அதில் ஏற்கெனவே ஊறியிருப்பதால் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வெளியே எடுத்து, வெட்டி, அச்சின் மேல் ஒரு அடுக்கு நேராக, அடுத்தது சாய்வாக என்று கையாலேயே படிய வைத்து, பை போட்டு, காற்றை உறிஞ்சி, ஓவனில் வேக வைப்போம். அந்தப் படிய வைக்கும் வேலையில் எபநேசருக்கு நிகர் கிடையாது என்று அப்போது நானே எல்லோரிடமும் சொல்வேன். அத்திப்பட்டுக்காரன். அவன் அப்பா அனல் மின் நிலையத்தில் கூலி வேலை செய்தவர், தாத்தா யாருடைய நிலத்திலோ உழைத்தவர். பொருத்தும் வேலை முழுவதும் அவன் பொறுப்பு. என்னை சார் என்பான், உன் அம்மாவை அக்கா என்பான். காரின் அடி உடம்பை, நாங்கள் தொட்டி என்போம், அச்சிலிருந்து பிரித்த அன்று நானும் அவனுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஷெட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தோம். உருக்காலை ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருவன் கேட்டான், "இன்னா சார், தெர்மாகோலா?" எபி திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "ஆமா நைனா. உன் லாரிய இட்டுக்கினு வந்து மோதிப் பாரு, தெரியும்." அந்த ஒரு சுற்றுதான் என் வாழ்க்கையில் நான் முழுசாகச் சந்தோஷமாக இருந்த நேரம். நீ பிறந்த நாளைச் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. அன்று பயம் அதிகம் இருந்தது.

தொட்டி தனி, மேல் கூரை தனி. இரண்டையும் சேர்ப்பது பசைதான், ஒரு போல்ட் கிடையாது. இரண்டு விரல் அகலத்துக்கு ஓடும் அந்த விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து வைத்துவிட்டால் பிறகு யார் கையும் படக் கூடாது. கை வியர்வையே போதும், அந்த இடத்தில் பசை பிடிக்காது. ஓரிடத்தில் பிடிக்காவிட்டால் அங்கிருந்து உரித்துக்கொண்டே போகும். விளிம்பைத் தேய்த்து முடித்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். லீவு முடிந்து வந்ததும் ஒட்டுவதாகத் திட்டம். கம்ப்ரஸருக்கும் ஓவனுக்கும் பூஜை போட்டுக்கொள்ளுங்கள், மாலை போடுங்கள், வாசலில் பூசணிக்காய் உடையுங்கள், காரை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன். முனுசாமி என்று ஒரு மூத்த ஆள், "சார், பொறந்த கொழந்தைக்கே கண்ணு படக் கூடாதுன்னு மை வெக்கறோம். இதுக்கு ஒண்ணுமே வெக்கலன்னா எப்பிடி?" என்றார். "கொழந்தைக்குத் தலைய தனியா செஞ்சு ஒட்டறதில்ல முனுசாமி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் பூஜைக்கு நான் போகவும் இல்லை. உன் அம்மா போனாள். மற்றவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாம் வரும்போது தான் மட்டும் வராவிட்டால் நன்றாக இருக்காது என்று சுண்டல் செய்து எடுத்துக்கொண்டு போனாள். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய்.

சில மாதம் கழித்து ஒரு தனியார் ஓட்டப் பாதையில் காரை ஓட விட்டோம். முதல் சுற்றுகளில் என் காதில் விழுந்த சத்தம் இப்போதும் கேட்கிறது, அவ்வளவு சுத்தமாக ஓடியது. வேகத்தைக் கூட்டச் சொன்னான் முதலாளி. நேர்ப் பாதையில் வரும்போது, காய்ந்த மட்டை முறிகிற மாதிரி ஒரு ஓசை. கூரையின் இடது ஓரம் டப்பா மூடி போலத் தூக்கிக்கொண்டது. ஓட்டியவன் எப்படியோ நிறுத்தி, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். அவன்மேல் ஒரு கீறல்கூட இல்லை. முதலாளி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். இப்போது அவன் மேடைகளில் எடை குறைப்பதைப் பற்றிப் பேசுகிறான். டிவியில் வந்தால் நான் சேனலை மாற்றிவிடுவேன்.

ஷெட்டுக்குக் கொண்டுவந்து அந்த விளிம்பை நானே வெட்டி எடுத்தேன். கறுப்பு விளிம்பில், சம இடைவெளி விட்டு, மஞ்சள் பாரித்த ஐந்து வட்டங்கள். பசை அங்கே ஒட்டவே இல்லை. அவை என்ன என்று இந்த நாட்டில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். முதலாளி உட்பட எல்லோர் முன்பும் துண்டை மேஜைமேல் போட்டு, "யார் வெச்சது?" என்றேன். முனுசாமி தரையைப் பார்த்தார். அப்போது எபநேசர் முன்னால் வந்து, "நான்தான் சார். மன்னிச்சிடுங்க" என்றான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், சந்தனப் பொட்டு வைத்தேன் என்று சொல்கிறான். அதை நம்பிய ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். மற்ற எல்லோருக்கும் அவன் இல்லை என்று தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் அவன்மேல் கோபம் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. பள்ளிப்பட்டுப் பக்கம் நெல் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, அவன்மேல் ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று இந்த ஐந்து நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்த விடை எனக்குப் பிடிக்கவில்லை. நீ கேட்காதே.

அந்த மாதமே ஷெட்டை மூடிவிட்டார்கள். நான் திரும்பவும் தண்ணீர்த் தொட்டிக்கே போனேன். எபநேசர் காற்றாலை இறக்கை செய்யும் கம்பெனியில் வேலை கேட்டபோது, அவர்கள் அவனைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். "ஆயுத பூஜை அன்னிக்கி என்ன செஞ்சான்னு அவனையே கேளுங்க" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. இன்று அவன் அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றும் லாரிகளுக்குக் கணக்குப் பார்க்கிறான்.

வெட்டி எடுத்த அந்தத் துண்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததும், ஹாலில் ஷோகேஸில் நிறுத்தி வைத்ததும் உனக்குத் தெரியும். வந்தவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்பார்கள். கேட்காதவர்களிடம் நானே எடுத்துக் காட்டுவேன். "ஒரு முட்டாள் விரல் வெச்சான், ஒரு கம்பெனியே போச்சு" என்று ஆரம்பித்து முழுக் கதையும் சொல்வேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா காபித் தட்டோடு வருவாள். வந்தவருக்குக் கொடுப்பாள், எனக்குக் கொடுப்பாள், உள்ளே போய்விடுவாள். வெள்ளிக்கிழமை தோறும் சாமி படங்களைத் துடைத்த கையோடு அதையும் எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைப்பாள். அவள் அதை அவ்வளவு கவனமாக வைப்பதைப் பார்த்து, என் வேலைமேல் அவளுக்கு மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் போனை வைத்த பிறகு அதைக் கையில் எடுத்தேன். அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது, மேலே தூசி படிந்திருந்தது. ஒரு வட்டத்தின் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் வட்டத்தைத் தாண்டி வெளியே வந்தது. சுண்டு விரலை வைத்தேன், அதற்குத்தான் கொஞ்சம் பொருந்தியது. எபநேசரின் விரல்களை நீ பார்த்திருக்கிறாய், கட்டை விரலால் ஒரு ரூபாய்க் காசை மறைத்துவிடுவான். அவை ஒரு பெண் மோதிர விரலால் வைத்த பொட்டுகள். அளவெடுக்கும் கருவி எட்டும் தூரத்தில் டிராயரில் கிடக்கிறது. வாழ்க்கை முழுவதும் மில்லிமீட்டரில் சண்டை போட்டவன் நான். ஒரு நாளாவது அளந்து பார்க்கத் தோன்றவில்லை. ஆள் யார் என்று முடிவு செய்துவிட்ட பிறகு எதற்கு அளப்பது?

செவ்வாய்க்கிழமை அத்திப்பட்டுக்குப் போனேன். பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டுமே, உன் அம்மா இருந்திருந்தால் அவள் செய்திருப்பாள். தண்ணீர் அதிகமாகி முதல் பத்திரிகையில் உன் பெயரே கரைந்துவிட்டது. இரண்டாவதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது எபியின் மனைவி ஸ்டெல்லா. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "இங்க பாருங்க, யார் வந்துகிறாங்கன்னு. இத்தினி வருசமா வழி தெரியலையாம்" என்றாள். அவன் வந்தான். தலை முழுக்க நரைத்திருக்கிறான். "உள்ள வாங்க சார். ஸ்டெல்லா, மொதல்ல தண்ணி குடு, அப்பறம் திட்டலாம்" என்றான்.

தட்டை நீட்டினேன். பத்திரிகையை எடுத்து மஞ்சள் மூலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தொட்ட எடத்த நல்லா தேச்சிட்டீங்களா சார்? இல்லன்னா ஒட்டாது" என்றான். ஸ்டெல்லா அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, கோபமும் வரவில்லை. "ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்றேன். அன்று நடந்ததைச் சொன்னான். எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கார் மட்டும் வெறுமையாக நிற்பதைப் பார்த்து உன் அம்மா கிண்ணத்தோடு அதன் பக்கம் போயிருக்கிறாள். "வாணாங்கா, சார் தொடக் கூடாதுன்னிருக்காரு" என்று இவன் தடுத்திருக்கிறான். "அவருக்குத் தெரியாத எடமா பாத்து வெச்சிடறேன் எபி. ராவும் பகலும் இதுக்கே உசுர குடுக்கறாரு, ஊரு கண்ணெல்லாம் இதுமேல இருக்கு" என்று சொல்லி, பெயின்ட் கெடக் கூடாது, பளபளப்பு கெடக் கூடாது, என் கண்ணிலும் படக் கூடாது என்று தேடித் தேடி, மேலே கூரை வந்து மூடிவிடும் என்று அந்த விளிம்பில் வைத்திருக்கிறாள். அந்தக் கார் முழுவதிலும் வைக்கக் கூடாத இடம் அது ஒன்றுதான். என்மேல் இருந்த பயத்தால் அங்கே போய் வைத்தாள். அவள் கிளம்பிய பிறகு இவன் துடைத்திருக்கிறான். திரும்ப உப்புத்தாள் போட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். போட்டால் ஏன் என்று நான் கேட்பேன் என்பதும் தெரியும்.

"அக்கா அவங்களே உங்ககிட்ட சொல்றேன்னுதான் இருந்தாங்க சார்" என்றான். "நீங்க அந்தத் துண்ட மேஜமேல போட்டீங்க பாருங்க, அப்ப உங்க மூஞ்சிய பாத்தேன். இந்த மூஞ்சிகிட்ட ஊட்ல போயி அக்கா எப்பிடி சொல்லும்னு தோணிச்சி. வாயில வந்துடுச்சி."

"நான் என்ன, அடிச்சிருப்பேனா?"

"அடிக்க மாட்டீங்க சார். பேசாம இருந்திருப்பீங்க. அது அடிக்கறத வுட பேஜாரு."

பொங்கலுக்குப் பொங்கல் உன் அம்மா அவர்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறாள். என்னிடம் திருவொற்றியூர் கோயில் என்று சொல்லிவிட்டுப் போவாள், நான் பஸ் ஏற்றிவிடுவேன். அவன் வீட்டிலிருந்து கிளம்பும்போது, காற்றாலைக் கம்பெனி விஷயத்தை நானே எடுத்தேன். "தெரியும் சார். அந்தக் கம்பெனிக்காரரே சொல்லிட்டாரு" என்றான். சிரிப்பு போய்விட்டது. "மத்தது எல்லாம் நானா ஏத்துக்கினது. அது மட்டும் நீங்களா செஞ்சது. அத மறக்கல. கல்யாணத்துக்கு வரேன், தம்பிக்காக வரேன், அக்காவுக்காக வரேன்." திருத்தணி மண்டபத்துக்கு என் காரிலேயே போகலாம் என்றேன். "நாங்க பஸ்ல வந்துக்கறோம் சார்" என்றாள் ஸ்டெல்லா. அவன் மறுத்துச் சொல்லவில்லை. சரி என்று வந்துவிட்டேன்.

உன் அம்மாமேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. கடைசி வாரம் முழுவதும் நான்தான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். கஞ்சி கொடுத்தது நான், தலை வாரியது நான். நீ பெங்களூரிலிருந்து ஒரு மத்தியானம் வந்தாய், நான் மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். சாகும்போதும் அவளுக்கு என் முகத்தைப் பார்க்கப் பயம். அவளைக் கோபித்துக்கொண்டு ஆரம்பிக்கிற ஒவ்வொரு வாக்கியமும் இங்கே வந்துதான் நிற்கிறது. எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள், நானும் பெருமைப்படுவேன். சண்டை போட அவளுக்குத் தைரியம் இருந்திருந்தால், பூஜை அன்று சாயங்காலமே, "உங்க காருக்கு அஞ்சு பொட்டு வெச்சிட்டேன், இப்ப இன்னான்றீங்க?" என்று கேட்டிருப்பாள். நான் குதித்திருப்பேன். குதித்துவிட்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அரை மணி நேர வேலை, தம்பி. கார் ஓடியிருக்கும்.

நீயும் வேலையில் சுத்தம் பார்க்கிறவன், அது என்னிடமிருந்து வந்தது. வீட்டுக்குள் அதைக் கொண்டுபோகாதே. உன் மனைவி எதையாவது தொட்டுக் கெடுத்துவிட்டால், அதை வேறு எவனோ செய்ததாக நீ கேள்விப்படும்படி வைத்துக்கொள்ளாதே. அவள் வந்து, நான்தான் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொள். நீ படித்த படிப்பு எல்லாவற்றையும்விட அது கஷ்டம். உங்களோடு வந்து இருக்கச் சொல்லி இனிமேல் கேட்காதே. இந்த வயதில் என் முகத்தை மாற்றிக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, அந்தப் பெண் அதைத் தினமும் பார்க்க வேண்டாம்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்துவிடுகிறேன். தனியாகத்தான் வருவேன், வண்டியில் இடம் நிறைய இருக்கும், தேங்காய் மூட்டையோ வாழைத்தாரோ ஏதாவது ஏற்றிக்கொண்டு வர வேண்டுமானால் சொல். மண்டபத்தில் எபியை முன் வரிசையில் உட்கார வை. நான் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள்கிறேன்.

அந்தத் துண்டு ஷோகேஸில்தான் இருக்கிறது. தூக்கிப் போடச் சொல்வாய் என்று தெரியும், போட மாட்டேன். யார் கேட்டாலும் இனிமேல் கதை சொல்லப் போவதும் இல்லை. அவள் புடவைகளை உன் அத்தைகள் எடுத்துக்கொண்டு போனார்கள், நகைகள் உன் கல்யாணத்துக்கு வருகின்றன, போட்டோக்களில் அவள் எங்கோ ஓரத்தில் நிற்கிறாள். அவள் விரல் பட்டது பட்டபடி இருப்பது இந்த வீட்டில் அது ஒன்றுதான். இன்று வெள்ளிக்கிழமை, எடுத்துத் துடைத்தேன். வெறும் கை படவே கூடாது என்று அன்று அத்தனை பேரையும் நிற்க வைத்துச் சொன்னவன், துணியைக் கீழே வைத்துவிட்டு வெறும் விரலால் துடைத்தேன்.

உன்
நைனா